ஒருத்தன் போதும்

"ஊரே ஆடற ஆட்டத்தை ஆடினாலும் ஒத்துக்கலாம் அர்பாஸ். ஒருத்தனும் ஆடாத ஆட்டமாத் தேடித் தேடி ஆடறானே, இவனை என்னா பண்றது?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பாட்டில் உட்கார்ந்த ஜானி பாஷா, மச்சானிடம் மகனைப் பற்றி முறையிட்டார்.

அர்பாஸ், ஜானி பாஷாவின் மனைவி குர்ஷித் பேகத்தின் தம்பி. ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அக்கா மகன் மொஹ்சினைக் கையோடு அங்கே வேலைக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தான்.

மொஹ்சின் ஒன்றும் சும்மா இல்லை. பகலில் வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடையில் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால், எங்கோ ஒரு மூலையில் யாரோ தனியாக உட்கார்ந்து செய்த, பேர் தெரியாத வீடியோ கேமாகப் பார்த்து ஆடுவான். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போனில் ஒரு குரூப் திறந்து அதைப் பற்றிப் பேசுவான். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கேள்வி எழுதிப் போடலாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்புவான். ஒருவரும் தொடமாட்டார்கள்.

"இந்த வாரம் என்னடா கேம்?" என்றான் அர்பாஸ்.

"ஒரு வயசான தபால்காரர், மாமு. மலை மேல ஒரு வீட்டுக்கு லெட்டர் கொண்டு போகணும். அவ்ளோதான்."

"சுடறது?"

"கிடையாது."

"பாயிண்ட்டு?"

"அதுவும் இல்ல மாமு. களைச்சா உக்காந்துக்கலாம்."

ஜானி பாஷா தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குப் பௌர்ணமிக்கு மலை சுத்தறவன் தேவலை. பதினாலு கிலோமீட்டர் நடந்தேன்னாவது சொல்லிக்குவான்!"

"ஒரு பொண்ணு நாலு வருஷம் தனியா உக்காந்து செஞ்சதுப்பா. யாராவது பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

அர்பாஸ் சட்டென்று பிடித்துக்கொண்டான். "சரி மாப்ளே, பந்தயம். இன்னைக்கு நீ பேசறதைக் கேக்கப் பத்துப் பேர் வந்தா இங்கயே இரு. வரலைன்னா நாளைக்குக் காலையில என்கூட பஸ் ஏறு."

"பத்துப் பேரா?" ஜானி பாஷா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "இவனுக்கு ஒருத்தன் போதும். ஒரே ஒருத்தன்! அதுக்கே நாதியில்ல."

மொஹ்சின் முகம் சுண்டிப்போனது. "சரிப்பா" என்றான்.

குர்ஷித் பேகம் குழம்புக் கரண்டியை ணங்கென்று வைத்தாள். பெத்த அப்பன் பேசுகிற பேச்சா இது? அவரோ, "பக்ரீத் துணி மலையாக் கிடக்கு, வர லேட்டாகும்" என்று தேரடித் தெரு தையல் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து கையேந்தினாள்.

"யா அல்லாஹ், எந்த ஊர்லேருந்தாவது ஒரு ஆளை அனுப்பி வை. பத்துகூட கேக்கல, ஒண்ணுதானே?"

உள்ளே மொஹ்சின் பேச ஆரம்பித்திருந்தான். கேட்க வந்தவர்கள் பூஜ்யம். ஏழே காலுக்கும் பூஜ்யம். கூடத்தில் அர்பாஸ் மருமகன் சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கத் தொடங்கினான்.

"அம்மி! ஒருத்தர் வந்துட்டார்! வழிப்போக்கன்னு பேர் போட்டிருக்கார். கேமையே ஆடிட்டு வந்திருக்கார் அம்மி!" என்று உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட்டான்.

வந்தவர் எழுதியதை மொஹ்சின் உரக்கப் படித்தான்.

"தபால்காரருக்கு மலை ஏறும்போது முட்டி வலிக்கிறது தப்பு. இறங்கும்போதுதான் ஜாஸ்தி வலிக்கும்."

அர்பாஸ் சிரித்தான். அடுத்தது வந்தது.

"அவர் கோட்டுல பட்டன் காஜா வலது பக்கம் இருக்கு. ஆம்பளைங்க கோட்டுக்கு இடது பக்கம்தான் வரணும். கண்ணாடியைப் பாத்து வரைஞ்சிருப்பாங்களோ?"

மொஹ்சின் அதை இங்கிலீஷில் மாற்றி, கேம் செய்த பெண்ணுக்கே அனுப்பினான். சற்று நேரத்தில் பதில் வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் சார்" என்று வழிப்போக்கனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்தான்.

"கேளுங்க மாமு. அவங்க அப்பா கோட்டைப் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னுதான் வரைஞ்சாங்களாம்! நாலு வருஷத்துல இவ்ளோ உத்துப் பாத்த ஆள் இவர்தானாம். பெங்களூர்ல பெரிய டிசைனரா இருப்பார்!"

அப்போதுதான் ஜானி பாஷா உள்ளே நுழைந்தார்.

"என்னா, எவனாவது வந்தானா?"

"ஒருத்தர் வந்தார்ப்பா."

"ஒருத்தன்! இதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்." செருப்பை உதறினார். "சரி, பேச்சுன்னா பேச்சு. அர்பாஸ், அந்தப் பையைப் பிரி."

"மச்சான், ஒரே ஒரு கிறுக்கன் வந்ததுக்குப் போயி..."

"யாரைக் கிறுக்கன்ற?" ஜானி பாஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

மொஹ்சின் துள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஜானி பாஷா சமையல்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். குர்ஷித் பேகம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

உள்ளேயிருந்து மகன் குரல் கேட்டது. "வழிப்போக்கன் சார், இன்னும் இருக்கீங்களா?"

ரெண்டு நொடி கழித்து அதே குரல், அதே கேள்வி, ஜானி பாஷாவின் சட்டைப்பைக்குள்ளிருந்து வந்தது.

கொசு அடிப்பதுபோல் பையை ஓங்கி அறைந்தார். அது நிற்கவில்லை. "சார், உங்களை மாதிரி ஒருத்தர் போதும் சார்..." என்று மேலே பேசிக்கொண்டே போனது.

சொம்போடு நின்றவளை அவர் திருதிருவென்று பார்த்தார், பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பையைப் பிரித்துக்கொண்டிருந்த அர்பாஸ் நிமிர்ந்தான். "எங்கேருந்துக்கா சத்தம்..."

குர்ஷித் பேகம் ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டாள். வீடே அதிர்ந்தது.

"இந்நேரத்துல என்னாக்கா அரைக்கறே?" என்று கத்தினான் தம்பி.

"துவையல்டா!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

ஜாரில் ஒன்றுமே இல்லை.