கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம்

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இலவச இடம். இ-சேவை மையத்துக் கணினி வரைபடத்தில் ஹாஜிரா போட்ட வட்டம் இளநீலமாகத் தெருத்தெருவாய்ப் படர்ந்து, பூங்கோதையின் வீட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. "நாப்பது மீட்டர் வெளியில இருக்குக்கா." பூங்கோதை திரையருகே குனிந்தாள். "நடுவுல இருக்கிற இந்தப் புள்ளி எது?" "கொடிக்கம்பம்." "எம்மவ கொடிக்கம்பத்துலயா ஏறப் போறா? கேட்டுக்குள்ள நுழைஞ்சாலே பள்ளிக்கூடம்தானே, தாயி?" ஹாஜிரா சிரித்துவிட்டாள். புள்ளியை அழித்தாள். சுற்றுச்சுவரை மூலை மூலையாகத் தொட்டு வரைந்து, அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று மறுபடி தட்டினாள். இப்போது வந்தது வட்டமில்லை; தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மூலை மழுங்கிய ஒரு வடிவம். அது வாய்க்காலைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி மெதுவாக வந்து, வீட்டின் பாதியில் நின்றது. "அடுப்படி மட்டும் உள்ள வந்திருக்கு" என்றாள் ஹாஜிரா. "அவ படுக்குறது அங்கதான்" என்றாள் பூங்கோதை. ஹாஜிரா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாப்பா பேரு?"