ஜோடி

கதவை இழுத்துச் சாத்தப் போன காவலரின் கைக்கு அடியில் குனிந்து அவர் சபைக்குள் நுழைந்தார்.

வாக்கெடுப்பு மணி ஓய்ந்துவிட்டது. இனி முடியும்வரை யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது.

அவரை முதலில் பார்த்தவர் ஆளுங்கட்சிக் கொறடா.

“துரோகி!”

அந்தப் பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. மேசைகளைத் தட்டினார்கள். யாரோ பட்ஜெட் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். இரண்டு கையால் தூக்க வேண்டிய புத்தகம். அவர் தோளில் பட்டு விழுந்தது. வலித்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்று வாக்களிக்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆளுங்கட்சியில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், எதிர்க்கட்சியில் ஒருவரும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வது அந்தச் சபையின் வழக்கம். அதற்கு ஜோடி என்று பெயர். கல்யாணத் தரகர்களைப் போலக் கொறடாக்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

இந்த முறை படுத்தவர் அவருடைய சொந்த அண்ணன்.

இரண்டு பேரும் பல வருஷமாக எதிரெதிர் வரிசை. சபையில் மாண்புமிகு உறுப்பினர், வீட்டில் டேய். டாக்டர்கள் கையை விரித்த பிறகு அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவருக்கு ஜோடியாக நானே ஒதுங்குகிறேன் என்று இவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த இடத்தில் வேறு எவனோ நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

இருவரும் ஒதுங்கினால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் சபைத் தலைவரின் ஓட்டு அரசுக்கு. பட்ஜெட்டில் வந்த புது வரி நிறைவேறிவிடும். இவர் ஒருவர் மட்டும் வந்து எதிர்த்தால் தோற்றுவிடும்.

அந்த வரியை எதிர்த்துத்தான் பட்ஜெட் வந்த நாளிலிருந்து அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பழைய பொருள் வரி. பழைய சைக்கிள், பழைய தையல் மிஷின், யாரோ படுத்து எழுந்த கட்டில், எதை வாங்கினாலும் புதியதற்கு உள்ள வரியைக் கட்ட வேண்டும். புதியது வாங்க வக்கில்லாதவன்தானே பழையதைத் தேடிப் போகிறான், அவன் வயிற்றில் அடித்தா கஜானாவை நிரப்ப வேண்டும் என்று கேட்டார்.

உறுப்பினரின் வாதமே பழைய பொருள்தான், அதற்கும் வரி உண்டு என்றார் நிதியமைச்சர். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

உடம்பு முடியாமலும் அன்று வந்திருந்த அண்ணன் சிரிக்கவில்லை. அவர்கள் அப்பா பழைய சைக்கிள் விற்றுத்தான் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். ஆனால் கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும். அண்ணன் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இப்போது அதே நிதியமைச்சர் எழுந்தார்.

“சாகக் கெடக்கற அண்ணனுக்காகக் குடுத்த வாக்கையே காப்பாத்தல. இவரா ஜனங்களக் காப்பாத்தப் போறாரு?”

வேறொரு நாளாக இருந்தால் சுடச்சுடப் பதில் வந்திருக்கும். இன்றும் ஒரே வாக்கியத்தில் அத்தனை பேர் வாயையும் அடைத்திருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

பக்கத்து இருக்கைக்காரர், அவருடைய கட்சிக்காரர்தான், தொடையில் தட்டி, வாக்காவது ஒன்றாவது, கலக்கிவிட்டீர்கள் என்று காதில் சொன்னார். எதிர்வரிசை திட்டியதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். அவர் பெயரும் வந்தது. எழுந்து, எதிர்க்கிறேன் என்றார். குரல் பிசிறில்லாமல் வந்தது. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரே ஒரு ஓட்டில் வரி தோற்றது.

அவருடைய வரிசை துள்ளிக் குதித்தது. யாரோ கட்டிப் பிடித்தார்கள். யாரோ அவர் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார்கள். அவர்கள் விட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கதவைத் திறந்ததும் வெளியே வந்தார். நீட்டிய மைக்குகளை விலக்கிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போய், அண்ணியைப் போனில் கூப்பிட்டார்.

மணி அடிப்பதற்குச் சற்று முன்னால்தான் அண்ணி அவரைக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் போய்விட்டார்.

போவதற்கு முன்னால் அண்ணன் தெளிவாகச் சொல்லியிருந்தாராம். நான் கண்ணை மூடினால் ஜோடியும் முறிந்தது, தம்பி போய் ஓட்டுப் போடட்டும். ஆனால் செய்தி வெளியே போனால் அஞ்சலி செலுத்திச் சபையை ஒத்திவைத்துவிடுவார்கள். அடுத்த வாரத்துக்குள் நாலு பேரை விலைக்கு வாங்கிவிடுவார்கள், என் ஆட்களை எனக்குத் தெரியாதா. ஓட்டு முடிகிறவரை தம்பியைத் தவிர யார் காதுக்கும் போகக் கூடாது.

கூடத்தில் அண்ணனின் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூங்குகிறார் என்று சொல்லி, அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, அண்ணி அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போனை உடனே எடுத்தார்.

முடிந்துவிட்டது, வரி விழுந்துவிட்டது என்றார் இவர்.

அண்ணி அப்போதும் குரலைத் தாழ்த்தியே கேட்டார்.

“அப்ப நான் அழலாமா, தம்பி?”