கோழி அடைகிற நேரம்

கை நிறைய நொய்யை வைத்துக்கொண்டு கூண்டு வாசலில் குந்தியிருந்தேன். ஒரு கோழியும் கிட்டே வரவில்லை.

"பா... பா... பா..." என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

சேவல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் நின்று கழுத்தைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம் மறு கண்ணால் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் நான் சரிப்படவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டினால் எங்கள் சந்தில் பெருச்சாளிகள் இறங்கிவிடும். பூனைக்கே பயப்படாத பெருச்சாளிகள். வெளியே நிற்கிற கோழி மிஞ்சாது.

"இன்னிக்கி ஓவர்டைம் கீது. கோயிங்கள நீ அடைச்சிடு" என்று சொல்லிவிட்டுத்தான் செங்கொடி எறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனாள். அவள் என்னை நம்பி விட்டுப் போன முதல் வேலை. அவள் முந்தானையை உதறினாலே உள்ளே ஓடுகிற கோழிகள்தான் இவை.

வாசற்படியில் மகிழினி உட்கார்ந்திருந்தாள். செங்கொடியின் மகள், ஆறாவது படிக்கிறாள். என்னோடு அவள் பேசுவதில்லை. முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோழிகளை நான் கவனிக்காமல் இல்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பகலெல்லாம் கம்பி தூக்கிவிட்டு வந்து, தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே அறை வீடு. என் பாய் கூண்டுக்குப் பக்கத்தில்தான்.

முதலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. எனக்கு எழுத்து வந்ததே நாற்பதைத் தொட்ட பிறகுதான், அறிவொளி வகுப்பில். 'ன'வும் 'ண'வும் அப்போது அப்படித்தான் ஒன்றாய்த் தெரிந்தன. சுழியைப் பார்க்கப் பழகியதும் தனித்தனியாகிவிட்டன.

வெள்ளைகள் இரண்டும் அப்படித்தான் பிரிந்தன. ஒன்று முட்டையிட ஒதுங்கினால் மற்றது வெளியே நின்று ஊரைக் கூட்டும். கத்துவது எது, கத்த வைப்பது எது என்று இப்போது எனக்குத் தெரியும். கழுத்தில் மயிர் இல்லாத கழுத்தறுத்தான் கோழி ஒரு திருடி, அடுத்ததின் அலகிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடும். கறுப்பி பகலெல்லாம் யாரோடும் சேராது. அடைகிற நேரத்தில் மட்டும் நடுவில் புகுந்து கதகதப்பான இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேவலுக்கு மேஸ்திரி என்று வைத்தேன். அது பொருந்தவில்லை. இரை கண்டால் சேவல் தான் தின்னாமல் மற்றவற்றைக் கூப்பிடுகிறது. எங்கள் மேஸ்திரி அப்படிப்பட்டவர் இல்லை.

"இன்னா மாமு, டன்னு டன்னா கம்பி தூக்குற, ஒரு கோயிய புடிக்க வக்கில்லியா?" என்று பக்கத்து வீட்டு ஸ்டானிஸ்லாஸ் ஆட்டோவைத் துடைத்தபடி சிரித்தான்.

ரோஷத்தில் கறுப்பியைப் பிடிக்கப் பாய்ந்தேன். அதோடு எல்லாம் கலைந்தன. ஒரு வெள்ளை சந்து முனைக்கு ஓடியது. மற்றது அதைத் தேடிக் கத்தியது. முனைக்கு அந்தப் பக்கம் எண்ணூர் ரோடு. கன்டெய்னர் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

செங்கொடி முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றேன்.

மகிழினி எழுந்து உள்ளே போனாள். பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவள் கையில் சைக்கிள் மணி இருந்தது. சைக்கிள் எப்போதோ விற்றாகிவிட்டது. உள்ளே, மாலை போட்ட படத்துக்குக் கீழே பலகையில் இருக்கிற மணி அது. அது அடித்து நான் கேட்டதில்லை. தூசு தட்டக்கூட அவள் யாரையும் விடுவதில்லை.

கட்டைவிரலால் அழுத்தினாள்.

ட்ரிங். ட்ரிங்.

எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. சந்து முனையிலிருந்து அந்த வெள்ளைக்கோழி றெக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது. சேவல் கூரையிலிருந்து என் தலைக்கு மேலாகப் பறந்து இறங்கியது. ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து கூண்டுக்குள் நுழைந்தன. கறுப்பி நடுவில் புகுந்தது.

கையிலிருந்த நொய்யை உள்ளே இறைத்தேன். கூண்டுப் பலகையைச் சாத்திக் கல்லை முட்டுக் கொடுத்தேன்.

"எங்கப்பா ஹார்பர்லேர்ந்து கோதும எடுத்துகினு வரசொல்ல இத்தத்தான் அடிக்கும்" என்றாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

படத்தில் இருக்கிற அந்த மனுஷனை நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்கி அலுத்து வந்த கையால், சிந்திய கோதுமையை மடியில் கட்டிக்கொண்டு வந்து ஐந்து உயிரைப் பழக்கியிருக்கிறார். இருந்த இடத்திலிருந்தே மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன்.

மகிழினி மணியை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கைச் சூடு அதில் இருந்தது.

"நாளைக்கி நீயே அடி. சேவ பேரு மேஸ்திரி இல்ல, தொர."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தலையாட்டிவிட்டு, வழக்கம்போலக் கூண்டுக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன். உள்ளே போனவள் நின்று திரும்பினாள்.

"அங்க இன்னாத்துக்கு? பனி எறங்குது பாரு. உள்ள வா."

கோழிகள் இந்த வீட்டுக்குப் பழையவை. போன மாசம் செங்கொடியைக் கட்டிக்கொண்டு வந்த நான்தான் புதுசு.

பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். எங்கள் வீட்டு வாசல் தாழ்வானது. தலையைக் குனிந்து உள்ளே போனேன்.