வேலைக்குப் போனவள்

மேற்பார்வையாளர் அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்து அறையில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

அறைக்குள் நின்றவள் தன் இடுப்பில் இருந்த பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாங்க மேடம் என்றாள்.

வந்தவர் கடுமையானவர் இல்லை. மாடிப்படி ஏறிய களைப்பில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். தாளில் இருந்த எண்ணைப் படித்து, இந்தக் குழந்தைதானே என்றார். பெற்றவள் காலையில் கொண்டுவந்து விடுகிறாளா, சாயங்காலம் நேரத்துக்கு வந்து எடுத்துக்கொள்கிறாளா என்று விசாரித்தார்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். இல்லாத குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. ஆனால் வாங்குகிறவள் சும்மா இருக்கக் கூடாது, ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது, இன்னொருத்தியின் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. இன்றைய சோதனையில் குறை எழுதினால் உதவி நின்றுவிடும். உதவி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

நடைகூடத்தின் கோடி அறைக்காரிக்குப் போன மாதம் அப்படித்தான் நின்றது. வேலை நேரத்தில் சொந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தாளாம். அதுதான் குற்றம்.

மேற்பார்வையாளர் எழுந்து, ஆறவைத்த தண்ணீரை மூடி திறந்து பார்த்தார். ப்ளக் துளைகளில் ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவினார். பாயைத் தூக்கி முகர்ந்தார். குறை கண்டுபிடிக்கிற முகமாக இல்லை. ஆனாலும் அவர் தொட்ட ஒவ்வொன்றையும் அவள் கண் தொடர்ந்து போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை முற்றிக்கொண்டே போனது. முதலில் தூக்கம் கலைந்த அழுகை. பிறகு பசி. இப்போது கோபம். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, திரும்ப விடுவதற்குள் கேட்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

கூடவே தரையில் வாளி இழுபடும் சத்தம்.

அடுத்த சோதனை அந்த அறையில்தான். அங்கேயும் ஒருத்தி பிள்ளை பார்க்கிறாள். ஆள் வளர்த்தியால் எல்லோருக்கும் அவள் நெட்டை. பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு, ஆள் வருவதற்குள் அவசர அவசரமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரு அடுப்பு இருக்கிறது.

குழந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, மேற்பார்வையாளர் இரண்டு கைகளையும் நீட்டி வா வா என்றார். பெண் குழந்தை முகத்தைத் திருப்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அவள் மசித்த பழத்தை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். குழந்தை சமர்த்தாக வாயைத் திறந்தது. சுவர் அதிர்கிற அந்த அழுகைக்கு நடுவிலும் தன் கை நடுங்காததை அவளே வேற்றாள் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வந்தவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். திருப்தி என்றுதான் எழுதுகிறார் என்பது பேனா ஓடிய வேகத்திலேயே தெரிந்தது.

அவள் முந்தானையை இழுத்து மார்பை நன்றாகப் போர்த்திக்கொண்டாள்.

செருப்பை மாட்டும்போது அவர் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பினார்.

"இப்படித் தொண்டை கிழியக் கத்துதே, இதுக்கு அம்மான்னு ஒருத்தி இல்லையா?"

"இருக்கா மேடம். வேலைக்குப் போயிருக்கா."

என்ன வேலையோ, என்ன பொம்பளையோ என்று அலுத்துக்கொண்டே அவர் வெளியே போனார்.

அவள் கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்து நின்றாள். முந்தானைக்கு அடியில் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து ஒட்டியிருந்தது. அவன் அழ ஆரம்பித்த நிமிடத்திலேயே சுரந்துவிட்டது. அதற்குச் சட்டதிட்டம் எதுவும் தெரியாது.

இடுப்பில் இருப்பது நெட்டையின் மகள். அங்கே அழுகிறவன் இவளுடைய மகன்.

உதவி கேட்டுப் போன அன்று, பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலையில் சேராது என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை நெட்டையுடையது. "நம்ம பிள்ளைய நாம வளர்த்தா சோம்பேறியாம்க்கா. மாத்தி வளர்த்தா உழைப்பாளியாம்" என்று அவள் சிரித்த சிரிப்பில் இவளும் சேர்ந்து சிரித்தாள். ஆரம்பத்தில் தாளில் மட்டும்தான் மாற்றினார்கள். பிள்ளைகள் அவரவர் மடியிலேயே இருந்தன. கோடி அறைக்காரிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, காலையில் வாசலில் நின்று நிஜமாகவே மாற்றிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து இருவரும் சிரிப்பதில்லை.

பக்கத்துக் கதவு திறந்தது. அழுகை நடைகூடம் முழுக்கப் பெரிதாக வந்தது. கதவு மூடியதும் சிறுத்தது. வாளியை ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது. நெட்டை அவனைத் தூக்கியிருக்க வேண்டும்.

சத்தம் அப்படியே நின்றுபோனது.

அவள் சுவரில் காதை வைத்தாள். மறுபடி ஆரம்பிப்பான் என்று காத்திருந்தாள்.

போன மாதம்வரை அவன் வேறு யார் கையிலும் அடங்காத பிள்ளை.