தூணில் சடையன்

ரப்பர் தோட்டத்தின் போர் நினைவுத்தூணின் முன் துஷ்யந்தி மண்டியிட்டிருக்கிறாள். தூணில் வெள்ளைக்காரத் துரைமாரின் பெயர்கள் மட்டுமே செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, அதே போருக்குப் போய்த் திரும்பாத தன் பூட்டன் சடையனின் பெயரைக் கறுப்புப் பெயின்டால் எழுதுகிறாள். இலைகளுக்கிடையே விழும் காலை வெயிலில் பாதிப் பெயர் ஈரமாக மின்னுகிறது. மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு மெனேஜர் ஓடி வருகிறார். "இது மரபுச் சின்னம். கை வைக்கக் கூடாது!" அவள் திரும்பவில்லை. "மெனேஜர் மாத்தயா, எங்க பூட்டனும் இந்தச் சண்டையிலதாங்க செத்தாரு." "பொலிசைக் கூப்பிடுவேன்!" ரப்பர் மரங்களில் பால்வெட்டை நிறுத்திவிட்டு வந்த பெண்கள், கத்திகள் கையிலிருக்க, அவளைச் சுற்றி நிற்கிறார்கள். துஷ்யந்தி பிரஷை மறுபடியும் டப்பாவில் தோய்க்கிறாள். "கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள பெயின்ட் காஞ்சிரும்."