எடுக்காத படம்

“ஏம்மா, அந்த மாமா மட்டும் நம்மளப் போட்டோ எடுக்கல?” என்று மகள் சிறுவயதில் கேட்டது, கண்காட்சிக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அவளுக்கு நினைவு வந்தது.

இருட்டு மூலையில் ஒரு புகைப்படம்: வாசற்படியில் குழந்தையின் ஈரச் செருப்புகள்.

“வெறும் செருப்பை என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? இது முன்னாடி ஒருத்தரும் நிக்கல. நாளைக்கும் இப்படின்னா கழட்டிடுவாங்க,” என்றான் காவலாளி.

“செருப்பு வாசல்ல இருந்தா, பிள்ளை பத்திரமா வீட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம் தம்பி.”

“அடடா, உங்களையே நடுவரா போட்டிருக்கலாம்,” என்று சிரித்தபடி அவன் சாவி எடுக்கப் போனான்.

அவள் வீடு எரிந்த அன்று, அழுது நின்ற அவளை எல்லாக் கேமராக்களும் சூழ்ந்தன. இந்தப் படத்தை எடுத்தவர் மட்டும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டையை மகளுக்குப் போர்த்தினார். நேற்று இந்தப் படத்தை மாட்ட வந்தபோது அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

இடுப்பு விண்டுபோகும் வலியோடு எக்கி, துடைப்பக் கட்டையால் மேல்விளக்கைத் திருப்பினாள். செருப்புகளின்மேல் வெளிச்சம் விழுந்தது.

“நாலு பேர் கண்ணுல படட்டும், ஆண்டவனே,” என்று முணுமுணுத்துவிட்டு, மிச்சத்தைப் பெருக்கப் போனாள்.