முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

“எவ்ளோ ஸ்பீடுல வந்துச்சு, பாப்பா?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. அப்போது எனக்கு வண்டிகளைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

டயர் என்றால் வரும்.

பூந்தமல்லி சாலையில் இருக்கும் கஜபதி அண்ணன் கடையில், மேசைக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எந்த வண்டிக்கு எந்த ரிம், எந்த டயர் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வேன். அண்ணனே இப்போது என்னைக் கேட்டுத்தான் கழற்றுகிறார்.

அன்று காலை அந்த பிக்கப் வந்து நின்றது. பின்னால் கொக்கியும் சங்கிலியும். வழியில் நின்றுபோன கார்களைக் கட்டி இழுக்கிற வண்டி.

அந்த வண்டியை எனக்குத் தெரியும். அதிலிருந்து இறங்கிய நூம்பல் ஊர்க்காரர் ஜம்புலிங்கத்துக்கு என்னைத் தெரியவில்லை.

நாலு டயரும் மொட்டையாகியிருந்தன. பக்கவாட்டில் இருந்த வெள்ளை எழுத்து மட்டும் தேயவில்லை. 235/85 R16.

“இதே சைஸ் போட்டுடும்மா. மழ வந்தா பருத்திப்பட்டு பக்கம் முட்டி மட்டும் தண்ணி நிக்குது. பெரிய வீலா இருந்தாத்தான் உள்ள பூந்து காரை இஸ்துகினு வர முடியும்.”

“இந்த வண்டிக்கு இந்தப் பதினாறு இன்ச் வேணாம்ணா. கம்பெனியில போட்ட பதினஞ்சு இன்ச்தான் சரி.”

என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

கார் இழுக்கும்போது கிளட்ச் சீக்கிரம் தேயும் என்றேன். பிரேக் போட்டால் நிற்கக் கூடுதல் தூரம் ஆகும் என்றேன். மீட்டரும் குறைத்துக் காட்டும் என்றேன்.

அவர் சிரித்தார். “கஜபதி, உன் கடைல டயர் வாங்க வந்தா பாடம் எட்க்குறாங்கப்பா!”

பிறகு என் பக்கம் திரும்பினார். “மீட்டரு பொய் சொல்லாதும்மா. ஒரு பொண்ணு சைக்கிள்ல குறுக்க வந்துச்சு. ரோட்டுல நாப்பதுன்னு போர்டு கீது, மீட்டர்லயும் நாப்பதுதான். போலீஸ் கேட்டப்போ என் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணேன். இன்னிக்கு கேட்டாலும் அதே சத்தியம்தான்.”

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இத்தனை நாளும் பொய் சொல்லித்தான் தப்பித்தார் என்று நினைத்திருந்தேன்.

கேட்ட டயரையே போட்டு அனுப்பிவிடலாம். சத்தியம் அவரிடமே இருக்கட்டும். ஆனால் அதே டயரோடு அதே சாலையில்தான் போவார்.

“ஸ்டெப்னியை இறக்குங்கண்ணா,” என்றேன்.

மாற்றுச் சக்கரமான அந்த ஸ்டெப்னி மட்டும் கம்பெனி அளவிலேயே இருந்தது. அதை மாற்ற யாருக்கும் தோன்றியிருக்காது.

கஜபதி அண்ணன் பெரிய வீல் ஒன்றைக் கழற்றி, இரண்டையும் சிமென்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சரியாக ஒரு சுற்று உருட்டினார். சின்னது ஓரிடத்தில் நின்றது. பெரியது அதைத் தாண்டிப் போய் நின்றது.

நான் எழுந்திருக்காமலே டேப்பை அவரிடம் நீட்டினேன். இரண்டுக்கும் நடுவே முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.

“ஒவ்வொரு சுத்துக்கும் இவ்ளோ கூடப் போகுதுண்ணா. மீட்டருக்கு இது தெரியாது. இன்னமும் சின்ன வீலு ஓடுதுன்னுதான் நெனைச்சுகினு கீது.”

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கு மென்ற வாய் நின்றுவிட்டது.

“அப்போ... நாப்பதுன்னா?”

“நாப்பத்தாறு.”

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தேன். பள்ளிக்கூட நோட்டு, பாடம் எழுதாமலே நின்றுபோனது. கஜபதி அண்ணனுக்குக்கூட அதைக் காட்டியதில்லை. முதல் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அதில் ஒரே ஒரு வரி. போலீஸ்காரர் கேட்டுவிட்டுப் போன பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியது. வேகம் எனக்குத் தெரியாது. ரோட்டில் கிடந்தபோது முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்ற வெள்ளை எழுத்து மட்டும்தான் தெரியும்.

235/85 R16. நவம்பர் 17. பருத்திப்பட்டு ஏரிக்கரை ரோடு.

அவர் விரல் வைத்துப் படித்தார். தேதியில் விரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார்.

வண்டி ஜாக்கியின் மேல் மூன்று சக்கரத்தோடு நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

வெளியே போய்ச் சாலையோரம் நின்றார். ஒரு வண்டி, இன்னொரு வண்டி, அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள். எல்லாவற்றையும் போகவிட்டு, எதிர்ப்பக்கம் கடந்து நடந்தே போனார்.